ஆக்காண்டி முட்டை நாலு, வெள்ளிக்கிழமை புல்லு வெட்டு: என்ன செய்யலாம்?

சீஆர்_கொப்பி
செவ்வாய், இரவு 9.40

வணக்கம். ஒரு வருசமா வாசிச்சுக்கொண்டு மட்டும் இருந்த ஆள் நான். எழுதுறது இதுதான் முதல் தரம்.

வந்தாறுமூலை கம்பஸ்ல ஆய்வுகூட உதவியாளரா இருக்கிறன். வீடு களுவாஞ்சிகுடி. ரெண்டு பஸ் மாறி வரணும். முதல் பஸ்ஸை விட்டா அடுத்தது கையெழுத்துக்குப் பிந்திப்போகும், அதால தினமும் 7.10க்கே வந்து இறங்கிருவன். கையெழுத்து 8.30க்கு. நடுவில இருக்கிற நேரத்துக்கு முதல்ல போன்தான் நோண்டிக்கொண்டு இருந்தன். ஒருநாள் டேட்டா முடிஞ்சு போச்சு. சும்மா வேப்பமரத்தைப் பாத்துக்கொண்டு குந்தினன். அந்த ஒரு மரத்தில அரை மணித்தியாலத்துக்குள்ள ஒம்பது விதமான குருவி வந்து போச்சு. அண்டைக்குப் பிடிச்ச பைத்தியம்.

இப்ப ஒரு சீஆர் கொப்பியும், அண்ணன் கட்டார்ல இருந்து கொண்டு வந்த 10×25 பைனாகுலரும் எப்பவும் பேக்குக்குள்ள கிடக்கும். ஏழு மாசத்தில கொப்பியில 41 பேர் ஏறியிருக்கு. கேட்டில நிக்கிற செக்கூரிட்டி அண்ணன் முதல் கிழமை ஒரு மாதிரித்தான் பாத்தார். பைனாகுலரோட ஒரு பொம்புள மரத்துக்குக் கீழ நிண்டா எங்கட பக்கத்தில ஆரும் கேப்பாங்கதானே, நாங்க கண்ட காலம் அப்பிடி. இப்ப அவரே, "இண்டைக்கு உங்கட ரெட்டைவால் இன்னும் வரல்ல" எண்டு சொல்லுறார்.

விசயத்துக்கு வாறன்.

போன வெள்ளி, மோட்டர்சைக்கிள் விடுற இடத்துக்கும் மைதானத்துக்கும் நடுவில இருக்கிற புல்லுத் தரையைக் குறுக்கறுத்துப் போனன். முழங்காலுக்குக் கீழ வளந்த புல்லு, இடையிடையே சொட்டை விழுந்த மாதிரி வெறும் மண். ஆக்காண்டி (நெட்டில ஆள்காட்டிக் குருவி எண்டு வாறது) ஒண்டு தலைக்கு மேல சுத்திச் சுத்திக் கத்திச்சு. அது நாய் போனாலும் கத்தும், நிலவு வந்தாலும் கத்தும் எண்டு நான் கணக்கெடுக்கல்ல. மற்றது எனக்கு முன்னால பத்தடியில ஒரு செட்டையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நொண்டி நொண்டி ஓடிச்சு. அப்பதான் நிண்டன், வலது கால் தூக்கினபடி. அந்தக் காலுக்கு ஒரு சாண் முன்னால நாலு முட்டை.

கூடு எண்டு சொல்ல ஒண்டும் இல்ல. உள்ளங்கை அளவு பள்ளம், அதுக்குள்ள பொடிக்கல்லும் காஞ்ச ஆட்டுப் புழுக்கையும். முட்டை களிமண் நிறம், மேல கறுப்புத் திட்டு. நாலுட கூர்ப்பக்கமும் நடுவுக்குப் பாத்தபடி, நாலு பேர் தலையை ஒண்டாக்கிக் குசுகுசுக்கிற மாதிரி. ஒருக்கா கண்ணை எடுத்துத் திரும்பிப் பாத்தா முட்டை எங்க எண்டு எனக்கே தெரியல்ல.

திங்கள் பின்னேரம் இன்னொண்டு கண்டன். கச்சான் காத்து நெருப்பா அடிக்குது. தண்ணித் தாங்கியடியில பைப் ஒழுகிக் குழியா நிக்கிற இடத்தில ஆக்காண்டி நெஞ்சையும் வயித்தையும் அமத்தி அமத்தி நனைச்சுது. குளிக்குதாக்கும் எண்டு பாத்தா, உதறாம அப்பிடியே ஓடிப்போய் முட்டைக்கு மேல குந்திச்சு. சொட்டுச் சொட்டா வடியுது. முட்டை கெட்டுப்போகாதா?

இண்டைக்குத்தான் கேள்விப்பட்டன், சனிக்கிழமை விளையாட்டுப் போட்டியாம். வெள்ளி காலையில அந்தத் தரை முழுக்கப் புல்லு வெட்டுப்படும். மூணு நாள்தான் இருக்கு. என்ன செய்யலாம்?

கையோட கொப்பியில சந்தேகக் குறி போட்டு வைச்ச ரெண்டையும் கேட்டுவிடுறன். ஜனவரியில நாவல் மரத்தில ஒரு முழம் வெள்ளை வால் உள்ள கொண்டைக் குருவி ஒண்டு கண்டன். இப்ப அதே மரத்தில அதே மாதிரி ஒண்டு, ஆனா வால் செம்மண் நிறம். ஒரே குருவி நிறம் மாறிச்சா? மற்றது, வேப்பமரப் பொந்தில பகலில தூங்குற சின்ன ஆந்தை. நெட்டில தமிழில தேடினா "புள்ளி ஆந்தை" எண்டு படம் வருது. அதுதானா? நெட்டில வாற பேரெல்லாம் இந்தியப் பேரா இருக்கு. எங்கட அம்மம்மா "புலுனி" எண்டு சொன்னதுக்கு அங்க "தவிட்டுக்குருவி". தலை சுத்துது.


பீடம்_மாறினவன்
செவ்வாய், இரவு 10.05

அக்கா நானும் நம்மட கம்பஸ்தான். அந்த ஆக்காண்டி என்னை ரெண்டு தரம் கொத்த வந்திச்சு, இப்பதான் காரணம் விளங்குது.

சிம்பிள் வேலை. சுத்திவர நாலு செங்கல்லை வைச்சு ஒரு கம்பில சிவப்புத் துணி கட்டி விடுங்க. மெசின்காரர் கண்டு விலத்திப் போவார். இல்லாட்டி முட்டையை எடுத்துக்கொண்டு போய் கோழிக்குஞ்சு பொரிக்கிற இன்குபேட்டர்ல வைக்கலாம், எங்கட பட்ச்ல ஒருத்தன்ட வீட்ட இருக்கு.

போன ஒக்டோபர்ல எங்கட ஹொஸ்டல் கண்ணாடியில ஒரு குருவி அடிபட்டு விழுந்திச்சு. பச்சை, நீலம், வயித்தில சிவப்பு, வால் வெட்டின மாதிரிக் கட்டை. ஆறுமணிக்குருவி எண்டு ஒருத்தன் சொன்னான். சப்பாத்துப் பெட்டிக்குள்ள வைச்சு மூடி விட்டம், பின்னேரம் திறந்தா பறந்து போச்சு. அதுக்குப் பிறகு நானும் ஒரு பறவை ஆர்வலர் எண்டு சொல்லிக்கொண்டு திரியிறன்.


களியோடை
புதன், காலை 6.15

தங்கச்சி, நான் ஒலுவில் பக்கம். தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு விடியச் சுபஹு தொழுதிட்டு நடக்கப் போற கூட்டத்தில ஒருத்தன். ரிட்டயர் ஆகி ஆறு வருசம். உங்கட கொப்பிக்கு 41. மாஷா அல்லாஹ். நான் முதல் வருசம் 30 கூடத் தாண்டல்ல, அதில அஞ்சு காகமும் மைனாவுமாத்தான் இரிக்கும்.

வெள்ளை வால் கதைக்கி மட்டும் நான் பதில் செல்லுறன், அது நானும் நாலு வருசம் குழம்பின விசயம். உங்கட குருவி நிறம் மாறல்ல. அது ரெண்டு வேற ஆக்கள். வெள்ளை ஆண், இந்தியாவில இருந்து மாரிக்கி வந்து ஏப்ரலோட திரும்பிப் போற விருந்தாளி. செம்மண் வால் நம்மட நாட்டுக்குச் சொந்தமானது, வருசம் பூரா இஞ்சதான். இந்தியாவில வயசான ஆண் வெள்ளையாகும். நம்மட ஊர் ஆண் எவ்வளவு கிழவனானாலும் வெள்ளை ஆகாது. என்னோட வேலை செஞ்ச சிங்கள மாஸ்டர் ஒருத்தர் வெள்ளைக்கி "ரெதி ஹொரா", புடவைக் கள்ளன் எண்டும், சிவப்புக்கி "கினி ஹொரா", நெருப்புக் கள்ளன் எண்டும் செல்லுவார். பறக்கக்குள்ள பாத்தா அந்தப் பேர் எவ்வளவு சரி எண்டு விளங்கும், வால் ரிப்பன் மாதிரிப் பின்னால இழுபடும்.

வயித்தை நனைக்கிறது நானும் கண்டிரிக்கன். வெயில் ஏறினாத்தான் செய்யும்.

ஒண்டு செல்லுறன், புல்லுத் தரையை ஆக்காண்டியோட விட்டுராதீங்க. மரத்தைப் பாக்கிற ஆக்கள் நிலத்தைப் பாக்கிறல்ல. ஒக்டோபர் பிறந்த மறுகா மைதானத்தை ஒருக்கா பைனாகுலரால மெதுவாத் துழாவுங்க. உப்புக்கொத்தி வந்திரிக்கும். ஓடும், சட்டெண்டு நிக்கும், ஒண்டைக் கொத்தும், மறுகா ஓடும். முதுகில தங்கப்பொடி தூவின மாதிரி. சைபீரியா, அலாஸ்கா எண்டு மரமே முளைக்காத வடக்கில குஞ்சு பொரிச்சுப்போட்டு மாரிகாலத்துக்குத் தெற்க வாற குருவி அது. நாங்க கிரிக்கட் அடிக்கிற பிட்ச்சில நிண்டு புழு தின்னும். பந்து போனா ரெண்டடி விலத்தும், அவ்வளவுதான்.

எங்கட உம்மா, ஆக்காண்டி ராவில கத்தினா "ஆரோ வாறாங்க, விளக்கைக் கூட்டு" எண்டுவா. முக்கால்வாசி சரியாத்தான் இரிக்கும். மாடாவது வந்திரிக்கும்.


வலசை_தெற்கு
புதன், பகல் 12.50

முதலில் ஒன்று: முட்டையைத் தொடவேண்டாம், இன்குபேட்டர் கதையே வேண்டாம். 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இந்த நாட்டில் பெரும்பாலான பறவைகளின் முட்டையை எடுப்பதும் குற்றம்தான். சட்டத்தை விடுங்கள். குஞ்சு பொரித்தால் தம்பி என்ன செய்யப்போகிறார்? ஆக்காண்டிக் குஞ்சு கூட்டில் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும் குஞ்சு அல்ல. செட்டை காய்ந்ததும் எழுந்து ஓடும், தானே கொத்தித் தின்னும். ஆனால் எப்போது ஓடுவது, எப்போது மண்ணோடு மண்ணாகப் படுப்பது என்பதைத் தாய் தகப்பனின் குரல்தான் சொல்லவேண்டும். மெசின் அதைச் சொல்லாது.

அடைகாக்கும் காலம் 28 முதல் 30 நாள் வரை. ஆணும் பெண்ணும் மாறி மாறி இருக்கும். நீங்கள் கண்ட ஈர வயிறு குளியல் அல்ல. வெயில் காலத்தில் முட்டைக்குச் சூடு கொடுப்பதை விடச் சூட்டைக் குறைப்பதுதான் அந்தப் பறவைக்குப் பெரிய வேலை. நிழலே இல்லாத தரையில் கிடக்கும் முட்டை அவிந்துபோகாமல் இருக்கத் தண்ணீர் சுமந்து வருகிறது. அந்தப் பைப்பை யாரும் திருத்தாமல் இருந்தால் நல்லது. ஒழுகும் பைப்புக்கு ஆதரவாக நான் எழுதுவது இதுதான் முதல் தடவை.

ஆந்தை. இந்தியப் படத்தை மூடி வையுங்கள். புள்ளி ஆந்தை இலங்கையிலேயே இல்லை. பாக்கு நீரிணையின் அந்தப் பக்கம் ஊருக்கு ஊர் இருக்கும் பறவை, இந்தப் பக்கம் வரவில்லை. அங்கே எல்லோருக்கும் தெரிந்த வால்காக்கையும் அப்படித்தான், செம்மீசைச் சின்னானும் அப்படித்தான். அதனால் தமிழில் தேடிக் கிடைக்கும் பட்டியலை வைத்து நம் ஊர்ப் பறவைக்குப் பெயர் வைக்கும்போது, அது இங்கே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உங்கள் பொந்து ஆந்தைக்குத் தலையில் இரண்டு காதுக் குடுமி இருக்கிறதா? கண் மஞ்சளா, கறுப்பா? குடுமியும் கருங்கண்ணும் இருந்தால் அது ஊருக்குள் சாதாரணமாக இருக்கும் செவியுள்ள சிறு ஆந்தை. அதன் விஞ்ஞானப் பெயர் ஓட்டஸ் பக்கமோனா. 1769 இல் வைத்த பெயர், அந்த "பக்கமோனா" சிங்களத்தில் ஆந்தைக்குச் சொல்லும் "பக்கமூணா"தான். நம் நாட்டு ஊர்ப்பேச்சு ஒன்று அப்படியே உலகம் முழுக்கப் போயிருக்கிறது.

அம்மம்மாவின் பெயர்களை விட்டுவிடாதீர்கள். கொப்பியில் புலுனி என்றே எழுதுங்கள், பக்கத்தில் விஞ்ஞானப் பெயரைப் போடுங்கள். தவிட்டுக்குருவி என்று நீங்கள் எழுதினால் களுவாஞ்சிகுடியில் யாருக்கு விளங்கும்?

பைனாகுலர் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். 10×25 என்றால் 10 மடங்கு பெருப்பம், 25 மில்லிமீற்றர் முன்கண்ணாடி. 25 ஐ 10 ஆல் பிரியுங்கள்: 2.5 மில்லிமீற்றர். கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் அவ்வளவுதான். காலை ஏழு மணிக்கு மரத்தடி இருட்டில் எல்லாம் கரிக்குருவியாகத்தான் தெரியும். 8×42 இல் அதே வட்டம் 5 மில்லிமீற்றருக்கு மேல். பெருப்பம் குறைவு, ஆனால் கை நடுக்கமும் குறைவு, வெளிச்சம் கூட. காசு சேர்க்கிறபோது அதை நினைவில் வையுங்கள்.

கடைசியாக, இபேர்டில் (கண்ட பறவைகளைப் பதியும் இணையத்தளம்) பதிவு போடுகிறவராக இருந்தால் ஆக்காண்டி என்று போடுங்கள், முட்டை இருக்கும் இடத்தைப் போடவேண்டாம். இங்கேயும் இவ்வளவு துல்லியமாக எழுதியிருக்கத் தேவையில்லை.

நிருவாகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்துப் பாருங்கள்.


சீஆர்_கொப்பி
வியாழன், மாலை 5.30

எல்லாருக்கும் நன்றி. ஆனா ஒரு கெட்ட செய்தி, அதுவும் என்ட கையால.

புதன் காலையில, வலசை ஐயா எழுதுறத்துக்கு முதல், தம்பி சொன்ன மாதிரி மூணு செங்கல்லு வைச்சன். துணி கட்டல்ல, வெக்கமா இருந்திச்சு. கல்லை வைச்சிட்டுத் தூரப் போய்ப் பாத்தன், பத்து நிமிசத்தில ஆக்காண்டி திரும்பி வந்து குந்திச்சு. நல்ல வேலை செஞ்சிட்டன் எண்டு சந்தோசமா கையெழுத்துப் போடப் போனன்.

இண்டைக்குக் காலையில வந்தா ஒரு செங்கல்லுக்கு மேல ஊர்க்காகம் ஒண்டு குந்தியிருக்கு. கதிரை போட்டுக் குடுத்த மாதிரி. ஆக்காண்டி ரெண்டும் மேல கிடந்து கத்துது, பாய்ஞ்சு பாய்ஞ்சு கொத்த வருது, காகம் தலையைக் குனியிறதும் நிமிருறதும்தான். நான் ஓடிப்போய்க் கலைச்சன். முட்டை மூணு. நாலாவதுட கோது ரெண்டடி தள்ளிக் கிடக்கு, உள்ளுக்கு ரத்த நரம்பு தெரிஞ்சிச்சு. நாலு நாளா அந்த இடத்தில ஒரு காகமும் இறங்கல்ல. எங்க பாக்கிறது எண்டு அதுக்குக் காட்டிக் குடுத்தது நான்தான்.

கல்லை அப்பவே எடுத்திட்டன். கடிதம் எழுதி வைச்சிருக்கன், குடுக்க வேண்டிய ஆள் இண்டைக்கு லீவு. நாளைக்கு காலை எட்டு மணிக்கு மெசின் தொடங்கிரும்.

தம்பி, உன்னில பிழை சொல்லல்ல.


பீடம்_மாறினவன்
வியாழன், மாலை 5.41

அக்கா சொறி. உண்மையா சொறி.


முன்மாரி
வியாழன், இரவு 8.20

மகள், நான் படுவான்கரையில வயல் செய்யிற ஆள். இஞ்ச எழுதுறது குறைவு, மகன்தான் இந்தப் பக்கத்தைக் காட்டித் தந்தான்.

எல்லாரும் எழுதினதை வாசிச்சன். சட்டம் எழுதியிருக்கு, கடிதம் எழுதியிருக்கு, பைனாகுலர் கணக்கு எழுதியிருக்கு. அந்தப் புல்லு வெட்டுற ஆளோட கதைச்சீங்களா எண்டு ஆரும் கேக்கல்ல. வெள்ளிக்கிழமை அந்த முட்டைக்குப் பக்கத்தில போகப்போறது அவர் ஒராள்தானே?

வட்டைக்குள்ள எங்களுக்கு இது ஒவ்வொரு போகமும் இருக்கிற கதை. கதிர் வெட்டக்குள்ள ஆக்காண்டி ஒரு பக்கம் கிடந்து கத்திச்செண்டா அங்கால கால் வைக்கக்குள்ள பாத்து வைக்கணும் எண்டு அப்பா அடிச்சுச் சொல்லித் தந்தவர். கையால வெட்டின காலத்தில அது லேசு. இப்ப மெசின் சத்தத்தில ஆக்காண்டி கத்துறது கேக்காது. அதால நான் மெசின் இறங்க முதல் ஒருக்கா வரம்பால நடந்து போவன். ஆக்காண்டியும் பாக்கணும், பாம்பும் பாக்கணும்.

உங்கட கம்பஸ்ல வெட்டுறவர் கூலிக்கு வாறவரா இருந்தாலும் ஊர் ஆளாத்தான் இருப்பார். விடிய நேரத்தோட போய் ஒரு பிளேன்டீ வாங்கிக் குடுத்துக் கதைங்க. அவருக்குத் தெரியாத ஆக்காண்டியா?

இன்னொரு விசயம். சுத்திவர வெட்டிப்போட்டு முட்டை இருக்கிற இடத்தில மட்டும் புல்லை விட்டா அதுவும் செங்கல்லு மாதிரித்தான். மொட்டைத் தலையில ஒரு குடுமி. காகம் அதைத்தான் முதல்ல பாக்கும். அதுக்கு என்ன செய்யிறது எண்டு எனக்கும் சரியாச் சொல்லத் தெரியல்ல.


களியோடை
வியாழன், இரவு 9.02

முன்மாரி அண்ணன் செல்லுறது நூத்துக்கு நூறு. நாங்க படிச்ச ஆக்கள் எல்லாரும் சேந்து ஒரு ஆளை மறந்திட்டம்.


சீஆர்_கொப்பி
வெள்ளி, இரவு 8.10

இண்டைக்கு 6.40க்கே வந்திட்டன், அண்ணன் மோட்டர்சைக்கிள்ல கொண்டு வந்து விட்டார், பைனாகுலர் வாங்கிக் குடுத்த பாவத்துக்கு.

புல்லு வெட்டுற ஐயா சித்தாண்டிக்காரர். அறுபது வயசு இருக்கும். மெசினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு இருந்தார். கன்டீன் திறக்கல்ல, நான் கொண்டு போன பிளாஸ்க் தேத்தண்ணியைக் குடுத்து, "ஐயா, அந்தப் பக்கத்தில ஒரு ஆக்காண்டி..." எண்டு தொடங்கினன்.

"மூணு முட்டை" எண்டார்.

எனக்கு வாய் அடைச்சுப் போச்சு. புதன்கிழமை பின்னேரம் தரை பாக்க வந்தவராம். கல்லு கில்லு கிடந்தா பிளேட் உடையும், அதால வெட்ட முதல் ஒருக்கா நடந்து பாக்கிறவராம். "அப்ப நாலு இருந்திச்சு, சுத்திவர ஆரோ ஒரு விசரர் செங்கல்லு வைச்சிருந்தாங்க, எடுப்பம் எண்டு நினைச்சன், பிறகு ஆர்ட அலுவலோ எண்டு விட்டிட்டன். இப்ப மூணுதான் இருக்கு" எண்டார். நான் அந்த விசரர் ஆரெண்டு சொல்லல்ல. சொல்லாமலே அவருக்கு விளங்கியிருக்கும், என்ட முகத்தைப் பாத்தா.

முன்மாரி ஐயா கேட்ட கேள்வியை அப்பிடியே அவரிட்டக் கேட்டன். அந்த இடத்தை மட்டும் விட்டா குடுமி மாதிரித் தெரியாதா? அவர் சிரிச்சார். "ஒண்டை விட்டாத்தானே புள்ள தெரியும்."

பிறகு அவர் வெட்டினதை ஒரு மணித்தியாலம் நிண்டு பாத்தன். நேர் நேரா வெட்டிக்கொண்டு போறார், போற வழியில அங்க ஒண்டு இங்க ஒண்டு எண்டு கைவிரிச்ச அளவு புல்லுப் பத்தையை விட்டுப் போறார். மரக்குத்தி இருக்கிற இடம், கம்பி முளைச்ச இடம், ஒண்டுமே இல்லாத இடம். எண்ணினன், ஏழு. அதில ஒண்டுக்குள்ள முட்டை. முட்டைக்கு மேல நிழல் விழுற புல்லையும் வெட்டல்ல, ஆனா தாய் ஓடி வாற ஒரு பக்கத்தை மட்டும் பிளேட்டை உயத்திப் பிடிச்சு மெல்லமாச் சீவி விட்டார். ஏன் எண்டு கேட்டதுக்கு, "அது பறந்து வந்து முட்டையில இறங்காது, தள்ளி இறங்கி நடந்துதான் வரும். வழி வேணும்" எண்டார். நான் ஒரு கிழமையா பைனாகுலரால பாத்தும் இதைக் கவனிக்கல்ல. உண்மைதான், ஒவ்வொரு தரமும் அது கிழக்கால இறங்கி நடந்துதான் வருது.

மெசின் பத்தடிக்கு வந்த பிறகுதான் ஆக்காண்டி எழும்பிச்சு. அவர் அந்த இடத்தில மெசினை நிப்பாட்டினார். கத்தி முடியும் வரைக்கும் ஒரு வெத்திலை போட்டார். பிறகு மற்றப் பக்கத்தால போனார்.

வெட்டி முடிய மைதானம் அம்மை போட்ட முகம் மாதிரி இருந்திச்சு. மேற்பார்வைக்கு வந்தவர் "என்னப்பா இது" எண்டு கேட்டார். ஐயா, "கல்லு சேர், பிளேட் போயிரும்" எண்டார்.

கடிதத்தைக் குடுக்கல்ல.


முன்மாரி
வெள்ளி, இரவு 9.15

ஏழு பத்தை. சரியான ஆள். அவர் வயல் செய்தவரா எண்டு ஒருக்காக் கேளுங்க மகள்.


வலசை_தெற்கு
சனி, காலை 7.00

நடந்து வரும் வழியை விட்டு வெட்டியதை எந்தக் கைநூலிலும் நான் வாசித்ததில்லை. கொப்பியில் எழுதி வையுங்கள், திகதியோடு.


சீஆர்_கொப்பி
19 நாளுக்குப் பிறகு, புதன், இரவு 9.25

கேட்டுக் கேட்டு எழுதினவங்களுக்காக.

நேத்து வரைக்கும் குந்தியிருந்திச்சு. இண்டைக்குக் காலையில பள்ளம் வெறுமை. ஒரு முட்டை மட்டும் கிடந்திச்சு, பொரிக்காதது. கோது ஒண்டும் இல்ல, அதைப் பறவையே தூக்கிக்கொண்டு போய்ப் போட்டிருக்கும் போல. காகம் வந்திச்சா எண்டு நெஞ்சு திக்கெண்டிச்சு. பிறகுதான் அங்கால வாய்க்கால் பக்கம் சத்தம் கேட்டிச்சு, வழமையான கத்தல் இல்ல, அடித்தொண்டையால மெதுவா ஒரு விதம். பைனாகுலரைப் பிடிச்சன். தாய் நிக்குது. அதுட கால் நாலா ஆறாத் தெரியுது. செட்டைக்குக் கீழ ரெண்டு குஞ்சு நிண்டிருக்கு, கால் மட்டும் வெளியில. நான் ஒரு அடி வைச்சன், தாய் ஒரு சத்தம் போட்டிச்சு, ஆறு கால் ரெண்டு காலாச்சு. குஞ்சு ரெண்டும் எங்க எண்டு தேடிப் பாத்தன். இருந்த இடத்திலேயேதான் இருந்திருக்கும், புல்லும் மண்ணும் நிறமும் ஒண்டு, என்ட கண்ணுக்குப் படல்ல. மிதிச்சிருவன் எண்டு பயத்தில வந்த காலடியிலேயே திரும்பி வந்திட்டன்.

ஐயாட்டச் சொன்னன். அவர் இப்ப கட்டடப் பக்கம் வெட்டுறார். ஓம், வயல் செய்தவராம், ரெண்டு ஏக்கர், இப்ப மகன் பாக்கிறானாம். ரெண்டு குஞ்சு எண்டதுக்கு, "காணும்" எண்டார்.

வலசை ஐயாவுக்கு: ஆந்தையைப் பாத்தன். ரெண்டு குடுமி இருக்கு, கண் கறுப்பு. கொப்பியில புள்ளி ஆந்தையை வெட்டிப்போட்டன், ஆனா புதுப் பேர் இன்னும் எழுதல்ல. சித்தாண்டியில அதுக்கு என்ன சொல்லுவாங்க எண்டு நாளைக்குக் கேட்டிட்டு எழுதுவம் எண்டு இருக்கன்.